சட்டியில் மீன் இருந்தும் விலா எலும்பு தெரிகிறதே

ஏப்ரல் 15 வந்துவிட்டால் ராமேசுவரம் மீன்பிடித் துறையில் முதலில் இளைப்பது நாய்கள்தான். அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். ஏலச் சத்தம் இருக்காது, ஐஸ் உடைக்கும் சத்தம் இருக்காது, கூடையிலிருந்து தரையில் சிந்தும் பொடி மீனும் இருக்காது. மற்ற மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று இங்கே ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்தப் படகு கரை வரும் என்று வெளியூர்க்காரர் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்து நாய்களுக்கு அது மனப்பாடம். வலை உதறும் இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்து படுத்துவிடும்.

தெரு நாய்தான் இப்படி, வீட்டு நாய் சொகுசாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன், வேதாளை, இந்தப் பக்கம் தொண்டி, தேவிபட்டினம் வரை வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் நாய்களைப் பாருங்கள். பாதிக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். மீதிப் பாதியில் சிலதுக்கு வயிறு மட்டும் உப்பி, முடி சொரசொரவென்று இருக்கும். நகரத்தில் ஒரு பை விலைத் தீவனம் வாங்கி அதில் எழுதியிருக்கும் மீன் எண்ணெய், மீன் புரதம் எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கிறார்கள். அந்த மீன் காலடியில் கிடக்கும் ஊரில் நாய் ஏன் நோஞ்சானாக இருக்கிறது? எனக்குத் தெரிந்த வரையில் காசும் பாசமும் இங்கே குறைச்சல் இல்லை. மீனைக் கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு. இந்தக் கரையில் நாயைத் தேற்றுவதும் மீன்தான், சாய்ப்பதும் மீன்தான்.

முதலில் சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாய்க்குச் சோறு போடவே கூடாது, அது ஓநாயின் வாரிசு, கறிதான் தின்ன வேண்டும் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. முழுதாக அப்படி இல்லை. 2013ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயுடையதோடு வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருந்தது. நாயிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் உழுது விதைத்துச் சாப்பிடத் தொடங்கியபோது கூடவே இருந்து அவன் எச்சிலைத் தின்று மாறிய உயிர் அது. நன்றாக வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். ஆனால் செரிப்பது வேறு, போதுவது வேறு. அரிசியில் புரதம் 7 விழுக்காடு அளவுதான். அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு, ஈரம் நீக்கிய எடையில், வளர்ந்த நாய்க்கு 18 விழுக்காடு, குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5. நம் வீட்டில் ஒரு அகப்பை சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, மேலே நாலு முள்ளைத் தூவினால் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. நாய் வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது.

அதைவிடப் பெரிய ஓட்டை சுண்ணாம்புச் சத்து. தங்கச்சிமடத்தில் தெரிந்த வீட்டில் ஒரு குட்டி வளர்த்தார்கள். நாலு மாதம், கொள்ளை அழகு. முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்து, நடக்கும்போது மணிக்கட்டு தரையில் படும். ராசி இல்லாத குட்டி என்று ஒருவர், பிறவிக் கோளாறு என்று ஒருவர். விசாரித்தால் அதற்குப் பாலும் சோறும், அவ்வப்போது கோழி ஈரலும் மட்டும்தான். முள் குத்திவிடுமே என்று மீனே கொடுக்கவில்லை. சோற்றிலும் ஈரலிலும் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது இருக்க வேண்டும், கால்சியம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. தலைகீழாகப் போனால் ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் இருக்க உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். வளரும் எலும்பு மெத்தென்று ஆகி, உடம்புப் பாரம் தாங்காமல் வளையும். பால் கொடுக்கிறோமே என்பார்கள். தாய்ப்பால் மறந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிக்காது, கழிச்சல்தான் மிச்சம். அந்தக் குட்டிக்குச் சீக்கிரமே மருத்துவரிடம் காட்டி உணவை மாற்றினார்கள். முழுக்க நேராகவில்லை, ஓடுகிற அளவுக்கு வந்தது.

ஆக, மீன் வேண்டும். எப்படிப்பட்ட மீன்?

சங்காயம் என்று கடற்கரையில் சொல்வது வலையில் வரும் கழிசல் மீன். காரல் பொடி, உடைந்த நெத்திலி, சின்ன நண்டு, பேர் தெரியாத குஞ்சுகள் எல்லாம் கலந்து கிடக்கும். லாரியில் ஏறி மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித்தீவனமாகத் திரும்பி வரும். அதிலேயே கொஞ்சம் அள்ளி நாய்க்கு வீசுவதுதான் வழக்கம், பச்சையாகவே. பச்சை மீனில் இரண்டு மூன்று ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. சாளை, நெத்திலி இனத்து மீன்கள் பலவற்றின் உடம்பில் தயாமினேஸ் என்று ஒரு நொதி உண்டு. அது உணவில் இருக்கும் பி1 வைட்டமினை உடைத்துப் போட்டுவிடும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நரிப்பண்ணையில் நரிகள் நடை தள்ளாடி, இழுப்பு வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவற்றுக்குப் பச்சைக் கெண்டை மீனைத் தீவனமாகக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பண்ணைக்காரர் பெயரிலேயே அந்த நோய்க்குச் சாஸ்டெக் வாதம் என்று பெயர் வந்தது. நாய்க்கும் இதே கதிதான், என்றைக்கோ ஒருநாள் பச்சை மீன் தின்பதால் அல்ல, தினமும் அதுவே உணவாக இருந்தால். இதற்கு மருந்து ரொம்பச் சுலபம்: வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். அடுப்பில் பத்து நிமிடம்.

இரண்டாவது ஆபத்து வேகவைத்தாலும் போகாது. பேத்தை. வலையில் வந்ததும் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும் அந்த மீனைப் பிள்ளைகள் காலால் உதைத்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஈரல், சினைப்பை, தோல் ஆகியவற்றில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு. நரம்பு வேலை நிறுத்தம் செய்து, கால் துவண்டு, கடைசியில் மூச்சு இழுக்க மார்புத் தசை வராமல் போகும். முறிமருந்து கிடையாது. 2009ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் திடீரென்று செத்தபோது ஆராய்ந்து பார்த்தார்கள். கரை ஒதுங்கிய ஒருவகைக் கடல் நத்தையில் இதே நஞ்சு இருந்தது. நம் கரையில் பேத்தையை மணலில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். காய்ந்து கருவாடாகிக் கிடந்தாலும் அதன் நஞ்சு போவதில்லை. நாயை அவிழ்த்துவிட்டு நடப்பவர்கள் கண்ணில் பேத்தை பட்டால் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டுப் போவது புண்ணியம்.

அப்புறம் கெளுத்தி. அதன் முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் இருக்கும் முள் ரம்பம் மாதிரி. பசி எடுத்த நாய் முழுதாக விழுங்கப் பார்த்து, தொண்டையில் குறுக்கே நிற்கும். திருக்கையின் வாலும் அப்படித்தான். இவற்றை நறுக்கிப்போட்டாலும் முள் முள்தான். நாய்ச் சட்டிப் பக்கமே வரக் கூடாது.

மூன்றாவது, மீனே இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. தூண்டில் முள்ளும், தங்கூசி என்கிற நைலான் நரம்பும். இரை கோத்த முள்ளைக் கரையில் போட்டுவிட்டால் நாய்க்கு அது மீன் வாசனை அடிக்கும் பண்டம். உதட்டில் குத்தியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது, முள்ளின் எதிர்ப்பல் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முனை வெளியே வந்தபிறகு எதிர்ப்பல்லை வெட்டிவிட்டு உருவுவதுதான் முறை, அதையும் மயக்கம் கொடுத்து மருத்துவர் செய்வது நல்லது. தங்கூசி இன்னும் மோசம். நாய் வாயிலோ ஆசனவாயிலோ நரம்பு தொங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் இழுக்கத்தான் கை போகும். இழுக்காதீர்கள். அதன் மறுமுனை குடலில் எங்கோ மாட்டியிருக்கும். நூல் இறுக இறுகக் குடல் சுருங்கி மடியும், நூல் ரம்பம் போல அறுக்கும். தொங்குவதை அப்படியே விட்டுவிட்டு வண்டி பிடிப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. வலை பொத்துபவர்கள் வெட்டிப்போடும் துண்டுகளை ஒரு பழைய சாக்கில் போட்டு வைத்தாலே இதில் பாதி நடக்காது. கரைவலை இழுக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் இடுப்பில் சின்னப் பை கட்டிக்கொண்டு அதில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் நாய்க்காகச் செய்யவில்லை, காலில் சுற்றுகிறது என்று செய்தார். பலன் ஒன்றுதான்.

மீன் கெட்டதா நல்லதா என்பதில் நாய்க்கு நம் மூக்கு கிடையாது. அதற்கு அழுகலும் விருந்துதான். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாந்தி, முகம் வீக்கம், கழிச்சல். மனிதன் சாப்பிட யோசிக்கும் மீனை நாய்க்கும் கொடுக்க வேண்டாம்.

இனி குழம்புக்கு வருவோம். இங்கேதான் நம் வீட்டுப் பெண்களோடு எனக்குச் சண்டை. மீன் குழம்பு ருசி சின்ன வெங்காயத்தில் இருக்கிறது, பூண்டில் இருக்கிறது. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது கணக்கு. அதாவது 10 கிலோ நாய்க்கு 150 கிராம். ஒரே நாளில் அவ்வளவு தின்னாது என்பது உண்மை. ஆனால் தினமும் குழம்புச் சோறு போகிற நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் இதன் குணம் மாறுவதில்லை. நாய் ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்போம், வெங்காயம் நினைவுக்கே வராது. குழம்பில் போடுவதற்கு முன்பு நாலு மீனை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள் என்று சொன்னால், "நாய்க்கு என்னத்துக்குத் தம்பி தனி உலை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. தனி உலை வேண்டாம். சோறு வடிக்கிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் ஒரு பழைய சட்டி போதும்.

உப்பு தனிக் கதை. உப்புப் போட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு ஒரே மூச்சில் போனால் நஞ்சாகத் தொடங்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தனுஷ்கோடி மணலில் வெயிலில் ஓடிய 10 கிலோ நாய் தாகத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, கழிச்சல், தள்ளாட்டம், பிறகு வலிப்பு. கடலுக்குக் கூட்டிப்போகும்போது ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோனால் அது கடல் பக்கம் வாய் வைக்காது. கருவாட்டுத் தலையைப் போடும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நாய் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்துவிட்டு விடிவதற்குள் திண்ணையை நனைத்து வைக்கும். திட்டு நாய்க்கு, தப்பு எங்களுக்கு.

அப்படியானால் என்னதான் போடுவது? 15 கிலோ எடையுள்ள, சாதாரணமாக ஓடியாடும் நாட்டு நாய்க்கு ஒருநாள் அளவு தோராயமாக இப்படி: 100 கிராம் அரிசியைக் குழைய வடித்த சோறு, 200 முதல் 250 கிராம் சின்ன மீன், ஒரு கைப்பிடி பரங்கிக்காயோ முருங்கைக்கீரையோ. வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரு வெந்த முட்டை. மீனுக்குச் சூடை, சாளை, காரல், நெத்திலி எது மலிவோ அது. குடலை எடுத்துவிட்டு, தலையும் முள்ளுமாகத் தண்ணீரில் முள் மிருதுவாகும்வரை வேகவைத்து, மத்தால் கடைந்துவிட வேண்டும். குக்கரில் நாலைந்து விசில் விட்டால் சாளை முள் விரலால் நசுக்கினால் நசுங்கும். அந்த முள்ளில்தான் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதை எறிந்துவிட்டுக் கால்சியம் டானிக் வாங்குவது என்ன கணக்கு? பெரிய மீன் துண்டு, கோழிக்கறி என்று முள் இல்லாமல் கொடுக்கும் நாட்களில் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மையாக இடித்த பொடி அரை டீஸ்பூன் கலக்கலாம், அதில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் கால்சியம் வரும். வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், அது சிராய் சிராயாகப் பிளந்து குடலில் குத்தும். உப்பு, புளி, மிளகாய் எதுவும் தேவை இல்லை.

மீன் மட்டுமே தினமும் என்பதும் சரியில்லை. கொழுப்பு மீன் அதிகமானால் வைட்டமின் ஈ பற்றாக்குறை வரும். சூரை, சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் முட்டை, கோழி, கொஞ்சம் ஈரல் என்று மாற்றிக்கொடுப்பது நல்லது. ஈரல் வாரம் ஒருமுறை, கையளவு. குட்டிக்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் மேலே சொன்ன அளவு பொருந்தாது. அவற்றுக்கு ஒரு மருத்துவரிடம் எடையைக் காட்டி அளவு போட்டுக்கொள்ள வேண்டும், குட்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளையாகப் பிரித்தும் போட வேண்டும். டீக்கடைப் பொறையும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. ராமேசுவரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்பன் சீசன் என்று கூட்டம் வரும்போது கோயில் தெரு நாய்களுக்குப் பிஸ்கட் பாக்கெட் பாக்கெட்டாக விழும். நல்ல மனசுதான். அந்தக் காசுக்கு இரண்டு வெந்த முட்டை வாங்கிப் போட்டால் நாய்க்கு உபயோகம்.

இதற்கு நேர் எதிரான நோயும் வந்துவிட்டது. ராமநாதபுரம் டவுனில் மாடி வீடுகளில் லேப்ரடார்கள் மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்க்கிறேன். 48 லேப்ரடார்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு நாலில் ஒரு பங்கு உணவைக் குறைத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002ல் வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் தள்ளித்தான் வந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். தராசு இல்லாத வீட்டில் இதுவே போதும்.

ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கிடை நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆட்டுக்கிடையோடு வயல்வயலாகப் போகும் அந்த நாய்களில் ஒன்றுகூடக் கொழுத்திருக்காது, நோஞ்சானாகவும் இருக்காது. ராத்திரி முழுக்க வேலை, நடை, கேப்பைக் கூழோடு கொஞ்சம் ஆட்டுப்பால்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்குப் போய்வரும் ஊர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் நாய்க்குப் போகுமா? பாத்திரம் கழுவிய தண்ணீர், உப்புக் கிணற்றுத் தண்ணீர், இதுதான் அதன் பங்கு. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒருநாளைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும், 15 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெயிலில் இன்னும் கூடும். ஒரு குடத்தில் எத்தனை நாள் ஓட்டலாம் என்று பார்த்தால் பெரிய செலவு இல்லை. மண் தொட்டியில் நிழலில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், தினமும் கொட்டிக் கழுவினால் கொசுப்புழுவும் வராது.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றிலேயே ஈரம் நிறைந்த கடலோரத்தில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். மதியம் தகரக் கூரைக்குக் கீழே சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாயின் உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சாதாரணமாக 38லிருந்து 39 வரை இருக்கும். பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி முடி நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று ஆனால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிற வேண்டும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இங்கே வேப்ப நிழலும் பனையோலைப் பந்தலும் எந்த ஏசியையும்விட நாய்க்குப் பொருத்தம்.

'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்' என்று பழமொழி சொல்கிறோமே, நடுவீடு வேண்டாம், குளிப்பாட்டுவதையாவது ஒழுங்காகச் செய்யலாம். கடலில் இறங்கிய நாயை ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்பும் மணலும் விரலிடுக்கில் தங்கினால் புண்ணாகும். சோப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும், துணி சோப்பு வேண்டாம். இந்தக் கரையில் சொறி என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று மணலில் வழவழவென்று ஒதுங்கிக் கிடக்கும் கடல் சொறி என்கிற ஜெல்லி மீன், நாய் மூக்கை வைத்து முகர்ந்தால் முகம் தடித்துவிடும். இன்னொன்று தோலில் வரும் சொறி. இரண்டாவதற்கு இங்கே நடக்கும் வைத்தியம்தான் கொடுமை. படகு இன்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தலை முதல் வால் வரை பூசிவிடுகிறார்கள். சிலந்திப்பேன் மூச்சுத் திணறிச் சாகும் என்பது நம்பிக்கை. நாய் அதை நக்கி விழுங்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும், எரிந்த தோலில் வெயில் வேறு. சொறிப்பேனுக்கு இப்போது மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன, எடைக்குத் தகுந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒட்டுகிற வகைச் சொறி என்றால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அரிப்பு வரும், அதனாலாவது தள்ளிப்போடக் கூடாது.

உண்ணியும் அப்படித்தான். நாய் மேல் தெரிவதைப் பிடுங்கி நசுக்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெண் உண்ணி ரத்தம் குடித்து உப்பியதும் நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் திண்ணைக் கல்லிடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். உண்ணிக் கூட்டத்தில் பெரும்பங்கு வீட்டில்தான் இருக்கிறது, நாய் மேல் இருப்பது கொஞ்சம். விரிசலைப் பூசுவதும் நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போடுவதும் மருந்தில் பாதி. உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா, பபீசியா காய்ச்சல்களில் நாய் சோறு மறுக்கும், ஈறு வெளிறும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும்.

கடற்கரை மணலுக்கென்று ஒரு புழு இருக்கிறது. கொக்கிப்புழு. நாயின் மலத்தோடு வெளியே வரும் முட்டை, ஈரமும் சூடும் நிழலும் உள்ள மணலில் பொரிந்து, அந்தக் குஞ்சுப் புழு தோல் வழியாகவே உள்ளே போகும். குடலில் பல்லைப் பதித்து ரத்தம் உறிஞ்சும். சின்னக் குட்டிகள் ரத்தம் வற்றியே செத்துவிடும், நாமோ 'குட்டி தங்கவில்லை' என்று சொல்லிவிடுவோம். வெறுங்காலோடு மணலில் உட்கார்ந்து வலை பொத்துபவர்கள் தோலிலும் இந்தப் புழு புகுந்து கோடு கோடாக அரிக்கும். குட்டிக்கு இரண்டு வாரத்தில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து. இதைச் செய்யாமல் எவ்வளவு சாளை போட்டாலும் அது புழுவுக்குப் போடும் சாளை.

தடுப்பூசி பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. பார்வோ என்னும் ரத்தக்கழிச்சல் 1978 வாக்கில்தான் உலகத்தில் பரவத் தொடங்கியது, இன்று நம் ஊர்க் குட்டிகளை அள்ளிக்கொண்டு போவது அதுதான். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செயல்படாமல் செய்துவிடலாம், அதனால் ஒரு ஊசியோடு நிறுத்துவது வீண். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், செத்த குட்டி படுத்த இடத்தில் உடனே அடுத்த குட்டியை விடக் கூடாது. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, வருடம் தவறாமல். கடிபட்டவர் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய் வெளியே தெரிந்தபின் காப்பாற்ற வழியே இல்லாத ஒன்றுக்குக் குன்னூரில் 1907லிருந்து பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது, ஊசி கிடைக்காத காலம் இல்லை இது.

கடைசியாக ஒன்று, வலி மாத்திரை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் உடம்புவலிக்கு டைக்ளோபினாக் எப்போதும் இருக்கும். நாய் நொண்டினால் அதில் பாதி உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மனிதருக்கான வலி மாத்திரைகள் நாயின் குடலில் புண் போட்டு, சிறுநீரகத்தை நிறுத்திவிடும். இதே டைக்ளோபினாக் கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006ல் அதைக் கால்நடைக்குக் கொடுக்கத் தடை செய்தார்கள். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இல்லை, நாள் கிழமை என்று இருந்தால் கால்நடை நடமாடும் வண்டிக்கான 1962 என்ற எண்ணில் கேட்டுப் பார்க்கலாம். பெரிய அறுவை என்றால் திருநெல்வேலி அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கும், அது தூரம்தான்.

சரி, தடைக்காலத்தில் மீனுக்கு எங்கே போவது? விசைப்படகு நின்றாலும் நாட்டுப்படகு போகும், கரைவலையும் இழுப்பார்கள், கொஞ்சம் விலை கூடும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையையும் உப்பில்லாமல் காயவைத்த நெத்திலியையும் நம்பலாம். மார்ச் கடைசியில் நெத்திலி மலிந்து கிடக்கும்போது, தரை மணலில் காய்ந்த கோழித்தீவனச் சரக்கை வாங்காமல், பாயில் உப்பின்றிக் காயவைத்துத் தரச் சொல்லி ஐந்தாறு கிலோ வாங்கி டப்பாவில் அடைத்தேன். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் சோற்றோடு வேகவைத்தால் சட்டி தயார்.

எங்கள் நாய் முதல் இரண்டு நாள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. குழம்பு இல்லாத சோறு என்ன சோறு என்கிற மாதிரி அடுப்படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலிருந்து சிரித்தார். மூன்றாம் நாள் சூடை வேகவைத்த தண்ணீரையே சோற்றில் ஊற்றிப் பிசைந்து வைத்தேன். தின்று முடித்தும் விடாமல் சட்டியை நக்கித் தள்ளிக்கொண்டே முற்றம் தாண்டித் தெருவரைக்கும் போய்விட்டது. அலுமினியச் சட்டி தரையில் உரசும் அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு நாயும் எழுந்து வந்தது. மறுநாளிலிருந்து நெத்திலியை ஒரு பிடி கூடுதலாக ஊறப்போட வேண்டியதாகிவிட்டது.